மாத்திரையை மாத்திடலாமா? - ஒரு நாற்பது பக்க நோட்டு சொன்ன பதில்

போன ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மயிலாப்பூரில் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், வாழைக்காய் வறுவல். அக்கா பையனுக்கு வாழைக்காய் வறுவல் என்றால் உயிர். அடுப்பிலிருந்து இறக்கும்போதே பக்கத்தில் நின்று பாதியைக் காலி செய்துவிடுவான். அன்று தட்டில் போட்ட நான்கு துண்டும் அப்படியே கிடந்தன. "பசிக்கல சித்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். ஒன்பது வயது. நான்காம் வகுப்பு.

"மூணு மாசத்துல ஒன்றரை கிலோ போயிடுச்சுடி. 27 இருந்தான். இப்ப இருபத்தஞ்சரை" என்றாள் அக்கா.

"அதான் சொல்றேன், மாத்திரையை மாத்திடலாம். வேற ஒண்ணு இருக்கு, 24 மணி நேரமும் வேலை செய்யுமாம்" என்றார் மாமா. போனில் ஏற்கெனவே எல்லாம் தேடிப் பார்த்து வைத்திருந்தார்.

அக்காவின் மாமியார் மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "மாத்தறது என்ன, நிறுத்திடுங்க. குழந்தைன்னா துள்ளத்தான் செய்யும். இப்ப பாரு, வச்ச இடத்துல பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கான்."

மூன்று பேர் சொன்னதிலும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அதனால்தான் அந்த வீட்டில் இரண்டு வாரமாக ஒரு முடிவும் எடுக்க முடியவில்லை.

இந்த வாரம் நம் வீட்டுக் கதையையே எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டுவிட்டேன். பையனிடமும் கேட்டேன். "என் பேர் போடக் கூடாது, ஸ்கூல் பேரும் போடக் கூடாது" என்று இரண்டு கண்டிஷன் போட்டான். சரி என்றேன்.

அவனுக்கு ஏ.டி.ஹெச்.டி இருப்பது போன ஆண்டு ஆகஸ்டில்தான் உறுதியானது. கவனம் ஓரிடத்தில் நிற்காதது, உட்கார முடியாதது, யோசிப்பதற்கு முன் கை கால் வேலை செய்துவிடுவது, இதெல்லாம் சேர்ந்த மூளை வளர்ச்சி சார்ந்த நிலை அது. வளர்ப்பு சரியில்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அரிதான விஷயமும் இல்லை. கோயம்புத்தூர் மாவட்டத்தில் 6 முதல் 11 வயது வரையான 770 பள்ளிக் குழந்தைகளைப் பரிசோதித்து 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 11.32 சதவிகிதம் பேருக்கு இது இருந்தது. நாற்பது பேர் உள்ள வகுப்பில் நான்கைந்து பேர். இவர்களில் பலர் 'வாலு' என்ற பெயரோடு பள்ளியை முடித்துவிடுகிறார்கள். நடிகர் ஃபகத் ஃபாசிலுக்கே 41 வயதில்தான் தெரியவந்தது. 2024 மே மாதம் கேரளாவில் ஒரு பள்ளி நிகழ்ச்சியில் அவரே அதைச் சொன்னார்.

பையனுக்கு அக்டோபரில் மெத்தில்ஃபெனிடேட் ஆரம்பித்தார்கள். உலகம் முழுக்க ஏ.டி.ஹெச்.டி குழந்தைகளுக்குப் பெரும்பாலும் முதலில் கொடுக்கப்படும் மருந்து இதுதான். 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பானிசோன் என்ற வேதியியலாளர் உருவாக்கியது. அவர் மனைவியின் செல்லப் பெயர் ரீட்டா. அதிலிருந்துதான் 'ரிட்டலின்' என்ற பெயர் வந்தது. மூளையின் முன்பகுதியில் டோபமைன், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சீக்கிரம் உறிஞ்சப்பட்டுவிடாமல் இது தடுக்கிறது. 'இப்போது இதைக் கவனி' என்ற சமிக்ஞை கொஞ்சம் பலமாகக் கேட்கிறது. சாதாரண மாத்திரை என்றால் அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலையை ஆரம்பிக்கும், மூன்று நான்கு மணி நேரத்தில் முடித்துவிடும்.

முதல் வாரத்திலேயே வித்தியாசம் தெரிந்தது. வகுப்பு டீச்சர் போன் செய்து, "இன்னிக்கு ஒரு முழுப் பக்கம் எழுதினான் மேடம்" என்றாராம். அக்கா அழுதுவிட்டாள். அதனால்தான் ஜனவரியில் அவளுக்கு அவ்வளவு குழப்பம். கேட்காத மருந்தை மாற்றுவது எளிது. கேட்கிற மருந்து பிள்ளையின் சாப்பாட்டைப் பிடுங்கினால் என்ன செய்வது?

அடையாறில் அவர்கள் பார்க்கும் டாக்டரிடம் நானும் போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் பேசுகிறவர் இல்லை. மாமா தன் போனைக் காட்டி, "இந்த மாத்திரைக்கு மாறிடலாமா டாக்டர்?" என்றார். டாக்டர் போனைப் பார்க்கவே இல்லை. "மாறலாம் சார். ஆனா எதுக்காக மாறுறோம்னு முதல்ல தெரிஞ்சுக்கலாம். ரெண்டு வாரம் எழுதிட்டு வாங்க" என்றார்.

அப்படி வந்ததுதான் அந்த நாற்பது பக்க நோட்டு. மாத்திரை எத்தனை மணிக்கு, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் தூங்கினான், அழுகை, சண்டை என்று அக்கா கட்டம் போட்டாள். கடைசிக் கட்டம் பையனுடையது. அது அவனே கேட்டு வாங்கியது. பெரும்பாலும் முகம் வரைந்திருந்தான். சில நாள் எழுதியும் இருந்தான். மூன்றாவது நாள்: 'பன்னெண்டு மணிக்கு பேட்டரி காலி.' ஆறாவது நாள்: 'நைட்டு கண்ணு மூடினா மூளை ஓடுது.'

இரண்டு வாரம் கழித்து டாக்டர் அந்த நோட்டை ஐந்து நிமிடம் புரட்டினார். கையிலிருந்த பேனாவால் ஒரே ஒரு எண்ணைச் சுற்றி வட்டம் போட்டார். மாலை 4.

விஷயம் இதுதான். அவர் எழுதிக் கொடுத்தது காலை ஒன்று, மதியம் ஒன்று. பள்ளியில் மாத்திரை கொடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். (எல்லாப் பள்ளியும் அப்படி இல்லை. டாக்டர் கடிதம் கொடுத்தால் ஒத்துக்கொள்ளும் பள்ளிகளும் இருக்கின்றன.) அதனால் அக்கா மதிய மாத்திரையை, பையன் வீட்டுக்கு வந்ததும் ஹோம்வொர்க்குக்கு உதவும் என்று 4 மணிக்குக் கொடுத்துக்கொண்டிருந்தாள். விளைவு, மதியம் 12-லிருந்து 3 வரை வகுப்பில் மருந்தே இல்லை. மாலை 4-லிருந்து 8 வரை பசி இல்லை. இரவு பதினொன்றரை வரை தூக்கம் இல்லை. வீட்டில் மூன்று பேரும் மருந்தைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். குற்றவாளி கடிகாரம்.

அக்காவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நீங்க தப்பு பண்ணலம்மா. இருக்கிற வழியில செஞ்சிருக்கீங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

ஆகவே பிப்ரவரியில் மருந்து மாறவில்லை, மாத்திரையின் வடிவம் மாறியது. அதே மெத்தில்ஃபெனிடேட், கொஞ்சம் கொஞ்சமாக நீண்ட நேரம் வெளியாகும் வகை. காலையில் ஒன்று போட்டால் பள்ளி நேரத்தைத் தாண்டிவிடும்.

இதை எழுதும்போது பாட்டியின் தேன் கதையைச் சொல்லாமல் விட முடியாது. நம் ஊரில் மாத்திரை என்றால் இரண்டு ஸ்பூனுக்கு நடுவே நசுக்கி, தேனில் குழைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். பாட்டியும் முதல் நாள் அப்படித்தான் தயாரானார். நல்ல வேளை, அக்கா பார்த்துவிட்டாள். நீண்ட நேரம் வெளியாகும் மாத்திரையை நசுக்கினால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்துக்கான மருந்து ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும். கடிக்கவும் கூடாது. இன்னொன்று, இந்த வகையில் சில மாத்திரைகளின் வெளி ஓடு கரையாது. மலத்தில் அப்படியே வெளியே வரும். 'மாத்திரை செரிக்கவே இல்லை' என்று பயந்து இன்னொன்று கொடுத்துவிடாதீர்கள். உள்ளே இருந்த மருந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

மாத்திரையை வாங்கியது தனிக் கதை. மயிலாப்பூரில் மூன்று மெடிக்கல் ஷாப்பில் இல்லை என்றார்கள். கடைசியில் நானும் அக்காவும் ஸ்கூட்டரில் தி.நகர் போய், பாண்டி பஜார் பக்கம் ஒரு கடையில் வாங்கினோம். கடைக்காரர் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டு எங்களை மேலும் கீழும் பார்த்தார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. மெத்தில்ஃபெனிடேட், மருந்து விதிகளில் 'ஷெட்யூல் எக்ஸ்' என்ற பட்டியலில் இருக்கிறது. அதை விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும். பூட்டி வைக்க வேண்டும். டாக்டர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்த வேண்டும். 1985-ம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இது வருகிறது. 2020 மார்ச்சில் வந்த டெலிமெடிசின் விதிகளின்படி வீடியோ காலில் பார்த்து இதை எழுதித் தரவும் முடியாது. நேரில்தான் போக வேண்டும். அதனால் மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே அக்கா காலண்டரில் குறித்துவிடுகிறாள்.

மாமா சொன்ன அந்த '24 மணி நேர மாத்திரை' அடோமாக்ஸடின். அது இந்தப் பட்டியலில் இல்லை, வாங்குவது சுலபம். நிறைய வீடுகளில் மருந்து மாறுவதற்கு உண்மையான காரணம் இந்த அலைச்சல்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. அது தப்பான காரணம் என்றும் சொல்ல மாட்டேன். கிடைக்காத நல்ல மருந்தை விட, கிடைக்கிற சுமாரான மருந்து மேல் என்று ஒரு தாய் நினைத்தால் அவரிடம் யார் வாதாடுவது? ஆனால், அலைச்சலுக்காக மாறுகிறோம் என்று டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்லி மாறினால், அந்தப் பொய் குழந்தையின் ஃபைலில் நிரந்தரமாக உட்கார்ந்துவிடும்.

மார்ச் மாதம் டாக்டரின் காத்திருப்பு அறையில் ஒரு அம்மாவைச் சந்தித்தேன். பன்னிரண்டு வருடம் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு, மாமனாரைப் பார்த்துக்கொள்ள அடையாறுக்கே திரும்பி வந்த குடும்பம். மகளுக்குப் பதினைந்து வயது. அங்கே வைவான்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். "முப்பது கேப்ஸ்யூல்தான் மிச்சம் இருக்கு. இங்க கிடைக்காதுன்னு ஃபிளைட் ஏறுறதுக்கு முன்னாடி யாருமே சொல்லல" என்றார். அமெரிக்காவில் பரவலாகத் தரப்படும் அட்டரால், வைவான்ஸ் இரண்டும் ஆம்ஃபெடமின் வகை. நம் ஊர் மருந்துக் கடைகளில் அவை கிடைப்பதில்லை. ஆக, அந்தப் பெண்ணுக்கு மாறுவதா வேண்டாமா என்ற கேள்வியே இல்லை, எதற்கு மாறுவது என்பது மட்டும்தான். அவள் சலித்துக்கொள்ளவில்லை. "அங்கேயும் ஸ்டாக் இல்லைன்னு ரெண்டு தடவை மாத்தினாங்க ஆன்ட்டி" என்றாள். உண்மைதான். 2022 அக்டோபரில் அட்டரால் தட்டுப்பாடு இருப்பதாக அமெரிக்க மருந்து ஆணையமே அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து குடிபெயர்ந்து வரும் குடும்பங்கள், டிக்கெட் போடுவதற்கு முன்பே இங்குள்ள ஒரு டாக்டரிடம் பேசிவிடுவது நல்லது. பை நிறைய வாங்கிக்கொண்டு வரலாம் என்றும் நினைக்க வேண்டாம். ஆம்ஃபெடமினும் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் வருவதுதான்.

நம் பையனுக்கு வருகிறேன். நீண்ட நேர மாத்திரையில் படிப்பு நன்றாகப் போனது. இரவு பத்து மணிக்குத் தூக்கம். எடை குறைவது நின்றது. அதற்குக் காரணம் மாத்திரை அல்ல, அக்கா. காலை 7 மணிக்கு மூன்று தோசை சாப்பிட்ட பிறகுதான் மாத்திரை. மதிய டப்பா பாதி திரும்பி வந்தால் திட்டுவதில்லை. இரவு எட்டரைக்கு, மருந்து இறங்கிய பிறகு, பசியோடு வருவான். அப்போது பருப்பு சாதமும் நெய்யும். எத்தனை மணிக்குச் சாப்பிட்டால் என்ன, சாப்பிட்டால் சரி.

ஆனால், ஐந்து மணி அழுகை ஆரம்பித்தது. பள்ளியிலிருந்து வந்து ஒரு மணி நேரம் கழித்து, பென்சில் உடைந்ததற்கு, தங்கச்சி பார்த்ததற்கு, எதற்கும் அழுகை. மருந்து இறங்கும் நேரத்தில் சில குழந்தைகளுக்கு இப்படி வரும். அதை விட என்னைத் தொந்தரவு செய்தது வேறு ஒன்று. ஒரு சனிக்கிழமை நாகேஸ்வர ராவ் பூங்காவுக்குக் கூட்டிப் போயிருந்தேன். ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, "சித்தி, மாத்திரை போட்டா நான் நல்ல பையன். ஆனா நான் ஜாலியா இல்ல" என்றான். அவனுடைய ஜோக்குகள் எங்கே போயின என்று நானும் யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பாட்டி சொன்ன 'பொம்மை' நினைவுக்கு வந்தது.

இதை டாக்டரிடம் சொன்னபோதும் அவர் மருந்தை மாற்றவில்லை. குழந்தை மந்தமாக, உணர்ச்சியே இல்லாமல் இருந்தால் அளவு கூடிவிட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்றார். அளவைக் குறைத்தார். பையனின் ஜோக்குகள் திரும்பி வந்தன. மூன்றாவது வாரம் டீச்சரின் புகாரும் திரும்பி வந்தது. டீச்சருக்கும் ஒரு படிவம் உண்டு, வாண்டர்பில்ட் படிவம் என்று பெயர். பெற்றோருக்கு 55 கேள்வி, ஆசிரியருக்கு 43. அதில் கவனம் தொடர்பான கேள்விகளில் எல்லாம் பழையபடி கட்டம் மாறியிருந்தது.

அளவைக் கூட்டினால் சிரிப்பு போகிறது. குறைத்தால் கவனம் போகிறது. நடுவில் ஓர் அளவு இல்லை. டாக்டர் முதன்முறையாக, "சரி, இப்ப மாத்திப் பார்க்கலாம்" என்றது அன்றுதான். நான்கு மாதத்துக்கு முன்பு மாமா கேட்ட அதே கேள்வி, இப்போதுதான் அதற்கு ஒரு காரணம் இருந்தது. (இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கிறது. சரியான அளவில் ஆறு வாரம் கொடுத்தும் போதுமான பலன் இல்லை என்றால் அடுத்த மருந்து.)

மாறினால் கேட்குமா? யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஆனால், நம்பிக்கை தரும் ஒரு கணக்கு இருக்கிறது. 2008-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில் 6 முதல் 16 வயது வரையான 516 பேருக்கு மெத்தில்ஃபெனிடேட், அடோமாக்ஸடின், வெறும் மாத்திரை என்று பிரித்துக் கொடுத்தார்கள். மெத்தில்ஃபெனிடேட்டில் 56 சதவிகிதம் பேருக்கும், அடோமாக்ஸடினில் 45 சதவிகிதம் பேருக்கும் நல்ல பலன். மொத்தத்தில் முதல் மருந்துதான் மேல். ஆனால், முதல் மருந்து கேட்காத குழந்தைகளை அடோமாக்ஸடினுக்கு மாற்றியபோது அவர்களில் 43 சதவிகிதம் பேருக்கு அது கேட்டது. ஒன்று கேட்கவில்லை என்றால் மற்றதும் கேட்காது என்று அர்த்தமில்லை.

அடோமாக்ஸடின் வேறு மாதிரியான மருந்து. முதலில் மனச்சோர்வுக்காக ஆராயப்பட்டு, 2002 நவம்பரில் அமெரிக்காவில் ஏ.டி.ஹெச்.டி-க்கு அனுமதி பெற்றது. போட்ட அன்றே எதுவும் தெரியாது. இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து லேசாகத் தெரியும், முழுப் பலனுக்கு இன்னும் சில வாரம் ஆகும். பத்தாவது நாள் 'ஒண்ணும் ஆகல' என்று நிறுத்திவிடுகிற வீடுகள்தான் அதிகம் என்றார் டாக்டர். எடைக்கு ஏற்பக் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். கேப்ஸ்யூலைத் திறந்து பொடியை எடுக்கக் கூடாது, கண்ணில் பட்டால் எரிச்சல். வீசிங்குக்கு சால்புட்டமால் சிரப் எடுக்கும் குழந்தை என்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், இரண்டும் சேர்ந்து இதயத் துடிப்பைக் கூட்டலாம்.

அக்காவுக்குத் தூக்கம் போனது வேறு ஒரு வரியைப் படித்துத்தான். மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில், குழந்தைகளுக்குத் தற்கொலை எண்ணம் வரலாம் என்று எச்சரிக்கை இருக்கிறது. 2005-ல் சேர்க்கப்பட்டது அது. ஆய்வுகளில் மருந்து எடுத்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் நான்கு பேருக்கு அப்படியான எண்ணம் வந்தது, வெறும் மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் வரவில்லை. அபூர்வம்தான். அதற்காக மறைக்கவும் முடியாது. டாக்டர் மழுப்பவில்லை. முதல் சில வாரமும், அளவு ஏற்றும்போதும் குழந்தை திடீரென ஒதுங்கினால், எரிந்து விழுந்தால், சாவைப் பற்றிப் பேசினால் அன்றே கூப்பிடச் சொன்னார். கண் மஞ்சளானாலோ, சிறுநீர் கறுத்துப் போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே வரச் சொன்னார், அபூர்வமாகக் கல்லீரலைப் பாதிக்கலாம். நடுராத்திரியில் டாக்டர் கிடைக்கவில்லை என்றால் 14416, மத்திய அரசின் டெலி மானஸ் எண். தமிழிலேயே பேசலாம்.

எப்போது மாற்றுவது என்பதில் ஒரு வாக்குவாதம் நடந்தது. லீவிலேயே முடித்துவிடலாம் என்றார் மாமா. குமட்டலும் தூக்கக் கலக்கமும் வீட்டிலேயே போய்விடும். சரிதான், ஆனால் வகுப்பே இல்லாத மே மாதத்தில் வகுப்பில் கவனம் கூடியதா என்று எப்படிப் பார்ப்பது? கடைசியில் மே நடுவில் ஆரம்பித்தார்கள். தொல்லைகள் லீவில், பலன் ஜூனில். புதியது வேலை செய்யத் தொடங்கும் வரை பழையது குறைந்த அளவில் கூடவே போனது. ஜூன் கடைசியில் பழையதை நிறுத்தினார். இந்த ஏற்பாடு இவனுக்கு டாக்டர் போட்டது. எல்லாருக்கும் இப்படித்தான் என்றில்லை. தூக்கத்துக்காகவும் துடிதுடிப்புக்காகவும் சில குழந்தைகளுக்குத் தரப்படும் குளோனிடினை மட்டும் ஒருநாளும் சட்டென்று நிறுத்தவே கூடாது, ரத்த அழுத்தம் எகிறும்.

முதல் வாரம் இரண்டு நாள் வாந்தி. இரண்டாவது வாரம் மதியம் சோபாவில் சுருண்டு தூக்கம். பாட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூன்றாவது வாரம் வரை ஒன்றுமே நடக்கவில்லை. அக்கா எனக்கு ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மெசேஜ் அனுப்பினாள்: 'நல்லா இருந்ததையும் கெடுத்துட்டேனோ?'

ஜூலை இரண்டாவது வாரம் நான் போனபோது எடை 28. ஐந்து மணி அழுகை நின்றிருந்தது. காலையில் எழுந்ததும் செருப்பு எங்கே, பை எங்கே என்று நடக்கும் யுத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. மாத்திரை ஏறும் நேரம், இறங்கும் நேரம் என்று எதுவும் இல்லை. ஆனால், டீச்சரின் படிவத்தில் கவனம் பழைய மாத்திரையில் இருந்த அளவுக்கு வரவில்லை. கணக்கில் 82 எடுத்தவன் 68.

கணக்கு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பையன் ஆங்கிலம் படிக்கும்போது எழுத்துகளை விழுங்குகிறான் என்று டீச்சர் முன்பே சொல்லியிருந்தார். அது கவனக் குறைவா, கற்றல் குறைபாடா என்று தெரியாமல் மருந்தின் மேலேயே பழி போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டும் பல குழந்தைகளிடம் சேர்ந்தே இருக்கும். எந்த மாத்திரையும் வாசிக்கக் கற்றுக் கொடுக்காது. தி.நகரில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதற்காகவே இயங்குகிறது. இவனுக்கும் கற்றல் திறன் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இதைப் போன ஆண்டே செய்திருக்கலாம்.

68-ஐப் பார்த்து மாமாவுக்கு மனசு ஆறவில்லை. "பழையதுக்கே போயிடலாமா டாக்டர்?" என்று கேட்டார். டாக்டர் பையன் பக்கம் திரும்பினார். "நீ சொல்லுப்பா. எது வேணும்?"

அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். "இதுவே இருக்கட்டும் டாக்டர். கணக்கு டெஸ்ட் அன்னிக்கு மட்டும் பழைய மாத்திரை தருவீங்களா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அப்படியெல்லாம் தர முடியாது என்று சொல்லிவிட்டு, ஒரு பழைய கதை சொன்னார். 1937-ல் அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி என்ற டாக்டர், தலைவலிக்காகக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஒரு மருந்து படிப்பில் கவனத்தைக் கூட்டுவதைத் தற்செயலாகக் கண்டுபிடித்தாராம். ஏ.டி.ஹெச்.டி மருந்துகளின் கதையே அங்கிருந்துதான் ஆரம்பம். அந்தக் குழந்தைகள் அதற்கு வைத்த பெயர், 'கணக்கு மாத்திரை'. பையனுக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடித்துவிட்டது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான்.

இப்போதைக்கு இந்த மாத்திரையே தொடர்கிறது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பு டீச்சரிடமிருந்து இன்னொரு படிவம் வர வேண்டும். உயரம், எடை, ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு தொடரலாமா, பழையதைக் குறைந்த அளவில் சேர்க்கலாமா என்று பேசுவதாகச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மாமாவுக்கு இன்னும் 82 மறக்கவில்லை. பழைய மாத்திரையின் மீதமுள்ள பட்டை பீரோ லாக்கரில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது, அடுத்த விசிட்டில் டாக்டரிடம் கேட்டு என்ன செய்வதென்று முடிவு செய்யப்போகிறாள் அக்கா.

முதல் நோட்டு தீர்ந்துவிட்டது. இரண்டாவது நோட்டில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறது, பாட்டியுடையது. தமிழில், குண்டு குண்டான எழுத்தில் எழுதுகிறார். போன செவ்வாய்க்கிழமை பதிவு: 'வாழைக்காய் வறுவல் இரண்டு முறை கேட்டான். கோவிலில் ஒரே ஓட்டம்.'